மாடொக் பெவனின் இரண்டு பக்கங்கள்

நாளை மைதானத்தில் இறங்க வேண்டுமானால் லக்ஸன் இன்று இரண்டு பக்கங்களைத் தாண்டியாக வேண்டும். ஹனோவரில் அவன் ஆடும் றக்பிக் கழகத்தின் வழக்கம் அது. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின மாலை, முதல் அணிக்குப் புதிதாகத் தேர்வானவன் எழுந்து நின்று மாடொக் பெவனின் வாழ்க்கையை உரத்து வாசிக்க வேண்டும். பெவன் வேல்ஸ் நாட்டு அணியில் நான்கு முறை ஆடியவன். நூற்று முப்பது வருடங்களுக்கு முன் இங்கே வந்து இவர்களுக்கு ஆட்டம் பழக்கியவன்.

பத்து நாட்களுக்கு முன் பயிற்சியில் யாரோ ஒருவனின் முழங்கால் லக்ஸனின் தலையில் இடித்தது. அன்றிலிருந்து எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்தன. தாதிப் படிப்புப் படிக்கும் அக்கா டெல்சிக்கு மட்டும் அது தெரியும்.

"டொக்டரிட்டப் போவமடா. அவரைப் பாக்கிறதுக்கு டெர்மின் நான் எடுத்துத் தாறன்."

"போனா விளையாட விடமாட்டினம். மூண்டு வருசம் மாத்தாளா வாங்கில குந்தித் தேய்ச்சனான் அக்கா."

"மண்டை போனா வேற வாங்க ஏலாது, விசரா."

"அதுக்குள்ள ஒண்டுமில்லையெண்டு நீதானே சொல்லுறனி!"

அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் அவன் கெஞ்சியதில் அந்தப் பக்கங்களைத் தன் குரலில் பதிந்து கொடுத்தாள். அவன் கேட்டுக் கேட்டே பாடமாக்கினான்.

கழக மண்டபத்தில் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான். சுரங்கத் தொழிலாளியின் மகன். சின்ன உடம்பு. தோள் எலும்பு முறிந்ததை ஆட்டம் முடியும்வரை ஒருவருக்கும் சொல்லாதவன். அந்த இடத்தில் எல்லோரும் வழக்கம்போல் மேசையில் தட்டினார்கள். பிறகு கடைசி வருடங்கள்: நினைவு தப்பி, சனிதோறும் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு வந்து, நான் எந்தப் பக்கத்துக்கு ஆடுகிறேன் என்று கேட்ட கிழவன்.

லக்ஸன் தன்னையறியாமல் தலையைத் தடவினான். எத்தனையோ தடவை கேட்ட வரிதான்.

பயிற்சியாளர் எமில் அருகே வந்தார். "நீ பக்கத்தைத் திருப்பவே இல்லை," என்றார் மெதுவாக. அவரே தாளைத் திருப்பிப் பிடித்தார். "இந்த வரியை வாசி."

பாடம்தான், சமாளிக்கலாம் என்று நினைத்தான். எந்த வரி என்று தெரியவில்லை. அவருடைய விரலுக்குக் கீழே எல்லாம் நெளிந்தது. கதவருகே டெல்சி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் தாளை அவள் பக்கம் நீட்டினான்.

"ஏலாது அக்கா. நீ வாசி."

அவள் வாசித்து முடித்தபோது ஒருவரும் மேசையில் தட்டவில்லை. நாளைக்கு லக்ஸன் போடவென்று சுவரில் தொங்கிய ஒன்பதாம் இலக்கச் சட்டையை எமில் கழற்றி மடித்தார்.