ஓப்பியாவின் கன்னம்

கேலியாவுக்குக் கிரேக்கர்கள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"கடலுக்கு அந்தப் பக்கம் ஏதென்ஸ்காரன் சட்டம் எழுதி வெச்சானாம். அதைப் பார்த்து இந்த ரோமாபுரியில வெண்கலத்துல அடிச்சு மாட்டிட்டானுங்க. சாவுல பொம்பளை கன்னத்தைக் கீறக்கூடாதாம்! நம்ம வீட்டுச் செத்தவனைப் பத்தி அவனுக்கு என்னடி தெரியும்?"

மருமகள் ஓப்பியா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் போன அவள் புருஷன் வோபிஸ்கஸ், வாசலைப் பார்த்துக் கால் நீட்டிக் கிடந்தான். தொட்டிலில் பல் முளைக்காத பிள்ளை. பெண்ணின் ரத்தத்தைப் பார்க்காமல் போகிற செத்தவன் சும்மா போகமாட்டான்; திரும்பி வந்து வீட்டில் இருப்பதிலேயே சின்ன உயிரைக் கேட்பான். அந்த ஊரில் இதை அறியாதவர் யார்?

"பிள்ளைக்காகக் கீறுடி."

"கீறினா சேவகன் இழுத்துட்டுப் போயிடுவான், அத்தே. அப்புறம் யாரு இவனுக்குப் பால் கொடுப்பா?"

பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பிணத்தோடு போனாள். சிதையருகே பிரம்புக்கட்டோடு நின்ற சேவகன் பிணத்தைப் பார்க்கவே இல்லை, பெண்களின் முகங்களையே பார்த்தான்.

"அழுதுக்கோம்மா. நகத்தை மட்டும் மடக்கி வெச்சுக்கோ. காலையில வந்து மறுபடியும் முகத்தைப் பார்ப்பேன்."

மடக்கியே வைத்திருந்தாள். சிதையின் கங்கில் வழக்கப்படி ஒயினை ஊற்றி அணைத்தபோதும் விரல் பிரியவில்லை.

வீடு திரும்பினால் கேலியா பேயறைந்தவள்போல் நின்றாள். "வந்துட்டான்டி!"

பிள்ளையின் கன்னத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. ஓப்பியா அந்தச் சின்ன விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

"நகம் வளந்திருக்கு, அத்தே. தூக்கத்துல தானே கீறிக்கிட்டிருப்பான்."

சொன்னாளே தவிர, அவளே அதை நம்பவில்லை. தொட்டபோது பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்பனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சட்டமாவது மண்ணாவது! கதவைச் சாத்தினாள். பத்து விரலையும் கன்னத்தில் பதித்து இழுத்தாள்.

"என்கிட்ட எடுத்துக்கோய்யா! அவனை விட்டுடு!"

ரத்தம் நிலைப்படியில் சொட்டியது. விடியும்வரை பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தே உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் அவனுக்கு வியர்த்துச் சூடு இறங்கியது. பசித்து வீறிட்டான்.

மார்பில் போட்டுக்கொண்ட நேரம் கதவு தட்டப்பட்டது.

"முக்காட்டை எடும்மா."

எடுத்தாள். சேவகன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடிச்சு முடிக்கட்டும், ஐயா" என்றாள் ஓப்பியா. "அதுக்கப்புறம் வர்றேன்."