ஒன்றேகால் கிலோமீட்டர் கேபிள்

வீட்டில் அவளுக்குக் கேலிப் பெயர் துபாஷி. டாக்டர் ஒரு மொழி பேசுவார், நோயாளி வேறொரு மொழி பேசுவார். இருவருக்கும் நடுவே வீடியோவில் உட்கார்ந்து பேச்சைக் கைமாற்றிவிடுவது அவள் வேலை. ஆஸ்பத்திரி ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது.

வேலையில் அவள் கில்லாடி. காலை வாரிவிட்டது இன்டர்நெட்தான். கூரைமேல் டவரைப் பார்த்து மாட்டியிருந்த டப்பா, நாலு தூறல் விழுந்தாலே படுத்துவிடும். பாதிப் பேச்சில் முகம் உறைந்துபோய், ஆபீசிலிருந்து இரண்டு எச்சரிக்கை வந்தாகிவிட்டது. மூன்றாவதும் வந்தால், வீட்டிலிருந்து வேலை என்பதில் வீடு மட்டும்தான் மிஞ்சும்.

கேபிள் கம்பெனியோ ஆறு வீட்டுக்காக அவ்வளவு தூரம் தோண்ட முடியாது என்று கையை விரித்தது. நடையாய் நடந்து ஒரு சம்மதம் வாங்கினாள்: பள்ளம் நீங்கள் வெட்டுங்கள், கேபிள் நாங்கள் போடுகிறோம். மெயின் ரோட்டிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர். ஆறு வீட்டுக்காரர்களும் ஐந்து வாரம் மண்வெட்டி பிடித்தார்கள். "நூல் மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு கூத்து?" என்று உதட்டைப் பிதுக்கிய நாத்தனாரும் கை கொப்புளிக்க வெட்டினாள்.

கேபிள் வந்த ஒன்பதாம் நாள் காலை. திரையில் ஒரு பெண், அவள் மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கானு கேளுங்க" என்றார்.

துபாஷி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே கடகடவென்று சத்தம். ரோட்டோர வாய்க்காலைத் தூர்வார ஒரு பொக்லைன் வந்து நின்றிருந்தது. கேபிள் போன வரிசைக்கு நேர் மேலே!

எழுந்து ஓட முடியாது, கத்தினால் மைக்கில் கேட்கும். கையில் கிடைத்த காகிதத்தில் 'பொக்லைன், கேபிள், ஓடு' என்று கிறுக்கி, கேமராவுக்குப் படாமல் தூக்கிக் காட்டினாள். துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் அப்படியே போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள்.

"போன வருஷம் காய்ச்சலுக்கு ஒரு ஊசி போட்டாங்க" என்றாள் திரையில் தாய். "மூஞ்சியெல்லாம்..."

படம் உறைந்தது.

தாயின் வாய் பாதி திறந்தபடி நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். டாக்டர் பதிலுக்குக் காத்திருப்பாரா? குழந்தை கிடக்கும் கிடப்புக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பார்? ஏழு எண்ணியபோது படம் திரும்பியது. டாக்டர் குழந்தையின் கையைப் பிடித்திருந்தார்.

சொந்தமாக ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி.

"நிறுத்துங்க டாக்டர்! ஏற்கெனவே ஒரு ஊசி ஒத்துக்கலைன்னு சொல்றாங்க. என் லைன் போயிடுச்சு. முழுசாக் கேட்டுச் சொல்றேன்!"

டாக்டரின் கை நின்றது. தாய் பையைக் கொட்டி ஒரு சீட்டைத் தேடி எடுத்து, மருந்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். துபாஷி ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொன்னாள். டாக்டர் கையிலிருந்த ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு நர்சிடம் வேறு மருந்து கேட்டார். அழைப்பு முடிந்தது.

பத்து நிமிட இடைவேளை போட்டுவிட்டு வெளியே ஓடினாள். வாய்க்காலுக்குள் முழங்கால் சேற்றில் நாத்தனார். பொக்லைனின் பல்லில் மாட்டி, கேபிள் குழாய் விறைத்து நின்றது.

"இன்னும் ஒரு அங்குலம் அசைச்சே, இந்த பக்கெட்டுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துடுவேன்!"

"கேபிள் போகுதுன்னு ஒரு குச்சி நட்டிருக்கலாம்ல? எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?" என்றான் டிரைவர்.

நியாயம்தான். துபாஷிக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னாள். டிரைவர் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தான்.

"உங்க வேலை எப்ப முடியும்கா?"

"மூணு மணிக்கு."

"அதுவரை வண்டி அசையாது." மேலாளருக்குப் போன் போட்டு, இன்ஜின் சூடாகிவிட்டது என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அந்தக் குழந்தை?"

"தெரியாது. எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க."

மூன்று மணிக்குள் இன்னும் ஐந்து அழைப்புகள். லைன் தாங்கியது. ஒவ்வொரு பேச்சிலும் அவள் காது பாதி வாய்க்காலில் இருந்தது. வேலை முடிந்ததும் கேபிள் கம்பெனி ஆள் வந்து கேபிளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது ஆபீசிலிருந்து போனில் தகவல் வந்தது. உடனே திறந்தாள். விதிமீறல் பற்றி டாக்டரிடம் விசாரித்தோம், நடவடிக்கை இல்லை, குழந்தை நலமாக வார்டுக்கு மாற்றப்பட்டது.

வெளியே பொக்லைன் கிளம்பிக்கொண்டிருந்தது. கையை ஆட்டிக்கொண்டே ஓடினாள். டிரைவர் பதறிப்போய் இன்ஜினை அணைத்தான்.

"திரும்பவும் மாட்டிடுச்சாக்கா?"

"இல்லைப்பா," என்றாள். "பிழைச்சுடுச்சு."