பின்சீட்டுக்காரன்

எங்கள் வீட்டில் விளையாடி முடிக்காத கேம்கள் நூற்றுப் பன்னிரண்டு. அடுக்கி ஏறி நின்றால் நிலாவுக்கு வெள்ளையடித்துவிட்டு வரலாம். ஒன்றையாவது முடித்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி: ஒருவரை விட்டு இன்னொருவர் எந்த ஆட்டத்தையும் முடிக்கக் கூடாது. சட்டம் போட்டவள் என் மனைவி. போன வருடம் போய்ச் சேர்ந்தாள், சட்டத்தை ரத்து செய்யாமலே.

அவளுக்குப் பிடித்தது பண்ணை ஆட்டம். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவன் நான். ஆனால் அந்த ஆட்டத்தில் ஒருநாள்கூட டிராக்டரை என்னிடம் கொடுத்ததில்லை. "நீங்க ஓட்டினா ஒரு கோழி மிஞ்சாது. பேசாம பின்னாடி உக்காருங்க" என்பாள்.

இப்போது அந்தப் பழைய கேம் மெஷினின் ஃபேன் போடும் சத்தத்தில், ஹெலிகாப்டர் இறங்குகிறதென்று தெருவே மொட்டைமாடிக்கு ஓடுகிறது.

"புதுசு வாங்குங்கப்பா" என்றாள் மகள் போனில்.

"நூத்திப் பன்னெண்டு பாக்கி கெடக்கும்மா."

"அதைச் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டிட்டீங்க. இது நின்னுபோச்சுன்னா அம்மா வளர்த்த பண்ணையும் போயிடும்பா."

அந்தச் சொல் குத்தியது. பச்சைக் குழந்தையைப் போல மெஷினைத் துண்டில் சுற்றிக் கடைக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் காதை வைத்துக் கேட்டார். "சார், இதுக்கு பார்ட்ஸ் டைனோசர் காலத்தோட நின்னுபோச்சு. ஒரு மாசம் ஓடினா உங்க அதிர்ஷ்டம்."

கடை டிவியில் மாட்டினார். பண்ணை விரிந்தது. வேலியோரம் மஞ்சள் தொப்பியோடு ஒருத்தி உட்கார்ந்து தலையாட்டித் தூங்கினாள்.

"இது யாரு சார்?"

"வீட்டுக்காரி. அவளோட ரெண்டாவது கன்ட்ரோலரை யாரும் தொடலைன்னா அப்படியே தூங்கிடுவா. நெசத்துலயும் அப்படித்தான். என் பஸ்ல ஏறினா அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள குறட்டை."

அவர் சிரித்தார். "புதுசுக்கு எல்லாத்தையும் மாத்தித் தரேன் சார். மாடு, கோழி, டிராக்டர், உங்க ஆளு. ரெண்டாவது ஆளு மட்டும் வராது. அதனால என்ன, புதுசா ஒண்ணு செஞ்சுக்கலாம். இதே மஞ்சத் தொப்பி போட்டு."

"சண்டை போடுமா?"

அவர் சிரிப்பு நின்றது.

பில் புத்தகம் திறந்தே இருந்தது. மகள் பணமும் அனுப்பியிருந்தாள். வாங்கினால் பண்ணை பிழைக்கும். அவள் இருக்க மாட்டாள். வாங்காவிட்டால் ஒரு மாதம்.

"நூத்திப் பன்னெண்டு பாக்கி இருக்கு தம்பி. முடிச்சுட்டு வரேன்" என்று புளுகினேன். துண்டை அவரே சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து போட்டேன். ஹெலிகாப்டர் இறங்கியது. என் ஆளை டிராக்டர்வரை நடத்திப் போனேன். ஓட்டுநர் இருக்கை காலி. தடுக்க ஆளில்லை. வேலியோரம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

வண்டி நகரவில்லை.