உதிராத கூந்தல்

கழக்கூட்டம் என்ற மலையாள ஊரின் ஓட்டலில் இருபது ஆண்டுகள் விறகடுப்புப் புகையைத் தின்று ஊருக்குச் சோறாக்கிய மாடம்மாள், நுரையீரல் புற்றுநோய்க்கான நான்காம் ஊசியை மறுத்துவிட்டாள். மூன்று ஊசிக்குப் பின்னும் முடி உதிரவில்லை. ஆகவே தனக்கு ஏற்றியது வெறும் தண்ணீர் என்பது அவள் முடிவு. எத்தனை முறை ஏமாற்றப்பட்டிருந்தால் ஏழை மனத்தில் இந்த ஐயம் பிறக்கும்!

“பாருங்க டாக்டரம்மா, பக்கத்துக் கட்டில்காரியெல்லாம் மொட்ட. எனக்கு மட்டும் பின்னலு தொங்குது!”

“தண்ணியேதான்,” என்றான் கணவன் வன்னியபெருமாள்.

மருத்துவர் மாளவிகா சிரித்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். “சேச்சி, அவங்களுக்குக் கீமோ. இது இம்யூனோதெரபியாக்கும். உங்க உடம்போட சொந்தப் பலத்தை எழுப்பிவிட்டு நோயை அடிக்க வைக்கும். முடி சாதாரணமா கொட்டாது. தா, நோக்கு, இதைப் பாருங்க.”

கணினித் திரையில் இரண்டு ஸ்கேன் படங்கள் தோன்றின. எலுமிச்சையளவு இருந்த கட்டி சுண்டைக்காயளவாகச் சுருங்கியிருந்தது.

“நான் அப்பவே சொன்னேம்லா?” என்றான் வன்னியபெருமாள்.

“நீரா? இப்பந்தான தண்ணின்னீரு!” என்று மடக்கினாள் மனைவி.

அறையே சிரித்தது. மாடம்மாள் கையை நீட்டினாள்.

“ஏத்துங்கம்மா, சீக்கிரம். என்னைய மாதிரி தண்ணின்னு நெனச்சு வெளிய எவளாச்சும் உக்காந்திருப்பா. போயிச் சொல்லணும்.”