இருபத்தேழாம் கவர்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

2003 ஐப்பசியில் ஓடைப்பட்டியில் எங்கள் தோட்டத்தில் நாற்பது ரகத் தட்டப்பயறு விளைந்திருந்தது. அத்தனையும் மாட்டுத் தீவனத்துக்கு. ஊர் ஊராக அலைந்து ஆளுக்கொரு பிடி வாங்கிச் சேர்த்தவர் சுந்தரலிங்கம் சார். பயிர் ஆராய்ச்சி செய்கிறவர். வரிசை வரிசையாக விதைத்துப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வேலை எனக்கு. மஞ்சள் தேமல் நோய் வந்து முப்பத்தொன்பது வரிசையும் வெளுத்தபோது இருபத்தேழாவது மட்டும் பச்சையாக நின்றது.

"புது ரகத்துக்கு இதுதான் தாய். இது மாதிரி இன்னொண்ணு கிடைக்காது. பத்திரம், சுரேஷ்கண்ணன்" என்றார் சார். அந்த விதையைச் சரியாக ஒப்படைத்தால் என் வேலை நிலைக்கும்.

வாசலில் நாற்பது செய்தித்தாள்களை விரித்து, எண் எழுதி, ரகத்துக்கு ஒன்றாக விதையைக் காயவைத்துவிட்டுக் கவர் வாங்கச் சின்னமனூர் போனேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். வாசல் காலி. அம்மா சுப்புத்தாய் நனைந்த தலையோடு ஒரு சாக்கைக் காட்டினாள்.

"ஏலே, ஒரு மணி நனையலடா. அம்புட்டையும் ஒண்ணா அள்ளிட்டேன்."

மழை வந்தால் எங்கள் ஊரில் யாரும் அதைத்தான் செய்வார்கள். மூச்சு வாங்க நின்று சிரித்தவளிடம் என்ன சொல்வது? "சரிம்மா" என்றேன்.

நிறம் பார்த்துப் பிரித்தேன். கறுப்பும் புள்ளி போட்டதும் தனியாக வந்தன. செம்பழுப்பில் மட்டும் பன்னிரண்டு ரகம். அதில் ஒன்றுதான் இருபத்தேழு. குத்துமதிப்பாகக் கவர்களில் போட்டு எண் எழுதினேன். தப்பான விதை போனால் சாருடைய எத்தனை வருஷம் பாழாகும் என்று தெரியும். ஆனாலும் ஒட்டினேன்.

மறுநாள் சார் ஜீப்பில் வந்தார். இருபத்தேழாம் கவரைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினார். "நேத்து நல்ல மழையாமே. விதை நனையலையே?"

"இல்ல சார்." காப்பித் தம்ளரோடு அம்மா வெளியே வந்துகொண்டிருந்தாள். பேசாதே என்று கண்ணைக் காட்டினேன். அவளுக்கு எப்படிப் புரியும்? நான்தான் ஒன்றுமே சொல்லவில்லையே.

"நனைய விடுவேனா சார்? நாப்பது பேப்பர்ல இருந்ததையும் ஒரே சாக்குல கொட்டிக் கட்டிட்டேன்ல!"

சார் தம்ளரை வாங்கவில்லை. கவரில் நான் எழுதியிருந்த எண்ணையே பார்த்தார். "அப்ப இது எதும்மா?"

"அது எனக்கென்ன தெரியும் சார்? எம் மவனத்தான் கேக்கணும். உக்காந்து ஒண்ணு ஒண்ணாப் பிரிச்சான்" என்று அம்மா பெருமையாக என்னைப் பார்த்தாள்.