துருவுக்குச் செதில் உண்டா

அறுபத்தொன்பதாம் வருடக் கோடையில், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஹில்டா ராயபுரத்தில் வருங்கால மாமியார் வீட்டுக்குப் போனாள். மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாவது ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பது அதுவே கடைசி.

மாப்பிள்ளை அருள்பிரகாசம் இன்ஜினீயரிங் கடைசி வருடம். திங்கட்கிழமை நீரழுத்தப் பரீட்சை. புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு அவளைக் கொல்லைக்கு அழைத்துப்போய்த் தான் தோண்டிய குழியைக் காட்டினான். இடுப்பளவு ஆழம், அடியில் குழாய். தெருக்குழாயில் வேகமில்லை, மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது, கீழே இறக்கினால் தானாக வரும் என்று பெருமையாக விளக்கினான். மாலை நாலு மணிக்குத்தான் தண்ணீர் விடுவார்கள்; அது வரும் சத்தம் கேட்கட்டும் என்று குழாயை எப்போதும் திறந்தே விட்டிருந்தார்கள்.

ஹில்டா நர்ஸ். எதையும் கழுவுகிற கை. ஆனாலும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். குழியில் கறுப்பாகத் தேங்கிய தண்ணீர். அவன் அம்மா சிலுவையம்மாள் பக்கத்துக் கல்லில் வைத்து ஆய்ந்த சங்கரா மீனின் குடலும் செதிலும் அதில் மிதந்தன. குழாயின் வாய் அதற்குள் மூழ்கிக் கிடந்தது.

நாலு மணிக்குச் சிலுவையம்மாள் தகர டப்பாவால் குழியை இறைத்தாள். குழாய் வாயை முந்தானையால் துடைத்துவிட்டுக் குடத்தை வைத்தாள். குழாய் இருமியது, பழுப்பாகக் கக்கியது, பிறகு தெளிந்தது. முதல் குடத்தைக் கொட்டிவிட்டு, இரண்டாவதிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு மருமகளுக்கு நீட்டினாள்.

"இன்னா கண்ணு பாத்துகினு கீற? குடி. மொத கொடத்துலதான் துரு வரும்."

டம்ளரின் அடியில் நகம் போல ஒன்று மின்னியது. ஹில்டா அதை விரலில் ஒட்டி எடுத்து அருளிடம் காட்டினாள்.

"துருவுக்குச் செதில் இருக்குமா?"

அவன் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"தண்ணி நின்னப்புறம் பைப்புக்குள்ள அழுத்தம் இன்னா?" என்றாள்.

"வெளிய கீறத விட கம்மி," என்றான், பரீட்சைக்குச் சொல்வது போல.

"அப்போ குழித்தண்ணி எங்க போவும்?"

அவன் குழாயைப் பார்த்தான். பிறகு, அது போகும் வழியே தெருக்கோடியைப் பார்த்தான். அதே குழாய்த் தண்ணீர் போகும் கன்னியம்மாவின் வீடு அங்கேதான். அவள் மகள் நாலு நாளாக ஹில்டாவின் வார்டில் வாந்தியும் பேதியுமாகக் கிடக்கிறாள்.

அவனுக்கு முன்பே தெரியும். குழித்தண்ணீர் குழாய்க்குள் போவதை நோட்டில் படம் போட்டு, அம்புக்குறியும் இட்டிருந்தான்; கவிழ்த்த புத்தகத்துக்குப் பக்கத்தில் அது விரிந்து கிடந்ததை அவள் வரும்போதே பார்த்திருந்தாள். குழியைவிட அதுதான் அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இந்தக் குழி இருந்தா, நாளைக்கு நானே எழுந்து தடை சொல்லுவேன்."

சிலுவையம்மாள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஊரில் எல்லாரும் தோண்டியிருக்கிறார்கள், இவளுக்கு மட்டும் என்ன பேஜாரு என்று மகனிடம் முறையிட்டாள். ஹில்டா விடைபெறாமலே கிளம்பினாள்.

மறுநாள் கோயிலில் மூன்றாவது ஓலை வாசித்தபோது அவள் பெஞ்சின் முனையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் எழத் தயாராக இருந்தது. ஆண்கள் பக்கத்தில் அருள் உள்ளங்கைகளை அவளுக்குக் காட்டினான். இரவோடு இரவாகக் குழியை மூடியதில் கொப்புளம், சிமெண்டுக் காரை. விடியற்காலையில் தெரு பம்பில் கன்னியம்மாவுக்குப் பின்னால் அவன் குடத்தோடு நின்றதை ஹில்டாவின் தங்கை பார்த்து வந்து சொல்லியிருந்தாள். சாமியார் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஹில்டா எழவில்லை.

வாசலில் அவன் கை நீட்டினான். அவள் அதை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னும் நாறுது."

"ரெண்டு தபா சோப்பு போட்டேன்."

"மூணாவது தபா போடுங்க. அப்புறம் பிடிச்சிக்கிறேன்."