ராதாமணி ஒட்டிய சிறகுச் சின்னம்

கிட்ட வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு குட்டிப் போர் விமானத்தின் கதை சொல்கிறேன். இதை ஏற்கெனவே ஒருமுறை எழுதி முடித்திருந்தேன். போன வாரம் நான் பேசிய ஒரு போன் அதைப் பொய்யாக்கிவிட்டது. அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

1

‘வானத்தை அதிரவைத்தபடி அந்த விமானம்...’

(வேண்டாம். அது உள்ளங்கை நீளம்தான்.)

கோவில்பட்டியில் எங்கள் அடுத்த வீடு ராதாமணி வீடு. தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷம் லேபிள் ஒட்டியவள். ஒருநாள் காலையில் வாதம் அடித்து வலது கை விழுந்துவிட்டது. “விரலுக்கு வேலை கொடுத்தால் கை திரும்பும், சும்மா விட்டால் சூம்பிவிடும்” என்றார் டாக்டர். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் கிருஷ்ணப்ரியா ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே இரண்டாம் உலகப்போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல். புதிதாகச் செய்து பழகுகிறவர்களுக்கானது. துண்டுகளைச் சட்டத்திலிருந்து பிய்த்து அழுத்தினால் ‘டக்’கென்று உட்காரும்.

“எட்டு வயசுப் பிள்ளைக்குன்னு போட்டிருக்கு. ஒனக்கு லேசா முடிஞ்சிரும்ட்டி” என்றார் புருஷன் கருத்தப்பாண்டி.

“இவியளுக்கு நக்கலப் பாத்தீயளா, யக்கா!” என்றாள் என்னிடம்.

2

ஒரு சிறகு உட்கார ஒன்பது நாள் ஆனது. விமானி புளியங்கொட்டை அளவு ஆள். இருபது தடவை கீழே விழுந்தான்.

“எவ பெத்த பிள்ளையோ, சண்டைக்குப் போறான். கீழ விழாம உக்காருய்யா” என்று அவனிடம் கெஞ்சினாள். உட்கார்ந்தான். அன்றைக்குத் தன் தலையைத் தானே சீவினாள், வலது கையால்.

(இந்த இடத்திலேயே கதையை நிறுத்திவிட எனக்கு எவ்வளவோ ஆசை.)

3

கடைசியில் மிஞ்சியது ஒரு தாள். சிறகில் ஒட்டுவதற்கான வட்டச் சின்னங்கள் அதில் இருந்தன. ராதாமணி முகம் மலர்ந்துவிட்டது. “லேபிளா! இதுக்கு யாரு எனக்குச் சொல்லித் தரணும்?”

பசை காய்ச்சியது கருத்தப்பாண்டி என்று முன்பு எழுதியிருந்தேன். இல்லை. மைதாவில், பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் போட்டுக் காய்ச்சிக் கொண்டுபோனது நான். வைக்க இடமில்லாமல் செய்முறைத் தாளின் மேலேயே சட்டியை வைத்ததும் நான்தான்.

சின்னத்தைக் கத்தரித்தாள், பின்பக்கம் பசை தடவினாள், ஒரே இழுப்பில் ஒட்டினாள். விரல் நடுங்கவில்லை.

மறுநாள் அது சுருண்டு கீழே கிடந்தது. இன்னொன்றை ஒட்டினாள். அதுவும் விழுந்தது.

(இதற்காகவா ஒருத்தி மனம் விட்டுப்போவாள் என்று கேட்கலாம். நானும் சந்தேகப்பட்டேன். ஆனால் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை நகத்தால் கீறிப் பார்த்தாலும் கிளம்பாது அவள் ஒட்டிய லேபிள். அவளுக்கு இருந்த பேரே அது ஒன்றுதான்.)

“கை செத்துப்போச்சு, யக்கா” என்றாள். பெட்டியைப் பரணில் போட்டாள். மகளிடம் “சலிச்சுப்போச்சு” என்றாள். அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. கை சூம்பிவிட்டது.

4

கதையை நேர் செய்ய வேண்டி, அந்தச் சின்னத்தின் நிறம் என்ன என்று கிருஷ்ணப்ரியாவைப் போனில் கேட்டேன். பேச்சுவாக்கில் பசை காய்ச்சிக் கொடுத்ததையும் சொன்னேன்.

“பசையா? அதத் தண்ணியிலல்லா ஊறப்போடணும், பெரியம்மா! படம் தானா வழுக்கி வரும், சிறகுல வச்சா ஒட்டிக்கிடும். பிளாஸ்டிக்ல மைதாப் பசை யாரு ஒட்டுனாலும் நிக்காது. செய்முறைத் தாள்ல கிண்ணம் படம் போட்டிருந்துச்சே?”

அந்தக் கிண்ணப் படத்தின் மேல்தான் என் பசைச் சட்டி இருந்திருக்கிறது.

முடிவு ஒன்று: ராதாமணியிடம் சொல்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே பெட்டியை... (அடித்துவிட்டேன். கை நன்றாகத்தான் இருந்தது, வீணாகச் சாகவிட்டோம் என்று தெரிந்த பிறகு யார் சிரிப்பார்கள்?)

முடிவு இரண்டு: சொல்லவில்லை. தன் கையே தன்னைக் கைவிட்டது என்று நினைத்தபடியே அவள் காலம் கழிகிறது. (இதையும் என்னால் எழுத முடியவில்லை.)

“யக்கா, என்ன எழுதுதீய?” வாசலில் ராதாமணி.

“ஒன் கதைதான்ட்டி.”

“அதுல எனக்குக் கை வந்துருதா?”

நின்றுகொண்டே இருக்கிறாள், கண்ணுகளா. நான் என்ன சொல்லட்டும்? உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள், அதையே எழுதிக்கொள்கிறேன். உங்கள் வீட்டு வாசலில் இப்படி ஒரு கேள்வி வந்து நிற்காமல் இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருங்கள்.